‘சபோட்டாஜ்’ என்று மேலாளர் எழுதிவிட்டார், நான் என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வாரம் மகனுக்குக் காய்ச்சல். ஒரு வேலையை முடித்துக் கொடுக்க இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. தாமதமாகும் என்று முதல் நாளே டீம் சாட்டில் சொல்லியிருந்தேன். ஆனாலும் ரிலீஸ் தள்ளிப்போனது. நான் ரிலீஸை ‘சபோட்டாஜ்’ செய்துவிட்டதாக மேலாளர் ஒரு மின்னஞ்சல் எழுதி, குழுவில் எல்லோருக்கும் பிரதி போட்டுவிட்டார். “கெடுத்துட்டேன்னுதானே சொல்றார், விடு” என்கிறார் ஒரு தோழி. இன்னொருவரோ, “பிரான்ஸில் தொழிலாளிகள் மரச்செருப்பைக் கழற்றி மெஷினுக்குள் எறிந்ததிலிருந்து வந்த சொல் அது, பெரிய குற்றச்சாட்டு, சும்மா விடாதே” என்கிறார். அந்தக் கதை உண்மையா? சொல்லுக்குச் சரியான பொருள் என்ன? நான் பதில் எழுத வேண்டுமா? – ஒரு வாசகி

பதில்: வணக்கம். முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். ‘சபோட்டாஜ்’ செய்வது என்றால் வேண்டுமென்றே கெடுப்பது. ஒரு வேலை நடக்கக்கூடாது, அல்லது உருப்படியாக நடக்கக்கூடாது என்று மனதில் வைத்துக்கொண்டு அதற்கு ஊறு செய்வது. பெரும்பாலும் மறைவாக, உள்ளே இருந்துகொண்டே செய்வது. இதில் ‘வேண்டுமென்றே’ என்பதை எடுத்துவிட்டால் அந்தச் சொல்லில் மிச்சம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இரண்டு நாள் தாமதமாக வேலையைக் கொடுத்ததை எந்த அகராதியை வைத்துக்கொண்டும் சபோட்டாஜ் என்று சொல்ல முடியாது.

ஆகவே சொல்லின் கனத்தைப் பொறுத்தவரை உங்கள் இரண்டாவது நண்பர் சொன்னதுதான் சரி. செருப்புக் கதையில்தான் அவர் சறுக்குகிறார். கதையை ஓரமாக வைத்துவிட்டு நேரே பதில் கடிதத்துக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் ‘வேண்டுமென்றே’ என்ற பொருள் எப்படி வந்து உட்கார்ந்தது என்பது உங்கள் வழக்குக்கு நேரடியாக உதவும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரெஞ்சில் ‘சபோ’ என்றால் மரக்காலணி. எழுத்தில் கடைசியில் ஒரு ‘ட்’ உண்டு, உச்சரிப்பில் வராது. ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்தது. சேறும் ஈரமும் உள்ள நிலத்தில் வேலை செய்த விவசாயிகளும் ஏழைத் தொழிலாளிகளும் போட்டுக்கொண்டது. தோல் செருப்பு வாங்க வசதி இல்லாதவர்களின் காலணி அது. இது வரைக்கும் கதை சொல்பவர்கள் சொல்வது சரிதான்.

அதற்கு மேல்தான் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். லியோன் நகரத்துப் பட்டு நெசவாளிகள் ஜக்கார் தறிக்குள் எறிந்தார்கள் என்பார் ஒருவர், இல்லை, நெதர்லாந்தில் நடந்தது என்பார் இன்னொருவர். 1991இல் வந்த ஒரு புகழ்பெற்ற விண்வெளிப் படத்தில்கூட ஒரு பாத்திரம் இதைப் பாடம் மாதிரி ஒப்பிக்கும். அந்தப் படம் பார்த்த பாதிப் பேர் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் யார் எறிந்தார், எந்த ஊரில், எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. அந்தக் காலத்துப் பதிவு எதிலிருந்தும் யாரும் காட்டியதில்லை.

இயந்திரத்தை உடைத்தவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள். 1811 முதல் இங்கிலாந்தில் லட்டைட்டுகள் என்ற பெயரில் இரவோடு இரவாகப் போய் உடைத்தார்கள். 1812இல் அதற்குத் தூக்குத் தண்டனை என்று நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஆனால் அவர்கள் கையில் இருந்தது செருப்பு இல்லை, சம்மட்டி. யார்க்ஷயரில் அந்தச் சம்மட்டிக்கு ‘ஈனாக்’ என்று பெயர். மார்ஸ்டன் ஊரில் ஈனாக் டெய்லர் என்ற கொல்லர், துணியின் மேற்பஞ்சை வெட்டும் இயந்திரங்களையும் செய்தார், சம்மட்டிகளையும் செய்தார். “ஈனாக் செய்ததை ஈனாக்கே உடைக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டு அடித்தார்களாம். இரும்பு இயந்திரத்தை நிறுத்த நினைக்கிறவன் சம்மட்டி தேடுவானா, தன் காலில் இருக்கும் ஒரே காலணியைக் கழற்றுவானா? லியோன் கதையும் அப்படித்தான். 1831இல் அங்கே நெசவாளர் எழுச்சி நடந்தது உண்மை. ஆனால் கேட்டது நெசவுக்கு நியாயமான கூலி விகிதம். அந்த மேஸ்திரி நெசவாளிகளில் பெரும்பாலானவர்களுக்குத் தறி சொந்தம், பட்டு நூல்தான் வியாபாரியுடையது. சொந்தத் தறிக்குள் எதற்குச் செருப்பை எறியப்போகிறார்கள்?

உண்மையான வழி இன்னும் எளிமையானது. சபோ போட்டு நடந்தால் கல் தரையில் டக் டக் என்று சத்தம் வரும், நடையும் தடுமாறும். அதிலிருந்து ‘சபோத்தே’ என்று ஒரு வினைச்சொல் வந்தது. மரக்காலணியால் சத்தமெழுப்பி நடப்பது என்பது முதல் பொருள். அப்புறம் பேச்சுவழக்கில், ஒரு வேலையைத் தாறுமாறாக, அரைகுறையாகச் செய்வது என்று ஆனது. நல்ல இசையை ஒருவர் மோசமாக வாசித்தால் அதற்கும் இதே சொல்தான். கைவேலை தெரியாதவன் ‘சபோத்தர்’. கவனியுங்கள், இந்தக் கட்டத்தில் சொல்லில் கெட்ட எண்ணம் என்று எதுவும் இல்லை. திறமை போதாது, அவ்வளவுதான் குற்றச்சாட்டு.

கிளைக்கதை ஒன்று, சொல்லாமல் போக மனம் வரவில்லை. ‘சபோ’ என்ற சொல்லே, பழைய செருப்பைக் குறிக்கும் ‘சவாத்’தும் பூட்ஸைக் குறிக்கும் ‘போத்’தும் கலந்து உருவானது என்று சொல்லாராய்ச்சி செய்தவர்கள் கருதுகிறார்கள். அந்தச் சவாத்துக்கு உறவுக்காரச் சொற்கள் தெற்கு ஐரோப்பா முழுக்க உண்டு. ஸ்பானிஷில் ‘சபாத்தோ’, போர்த்துக்கீசில் ‘சப்பாத்து’, இத்தாலியத்தில் ‘சபாத்தா’ (பேக்கரியில் விற்கும் அந்த ரொட்டிக்கு அதன் தட்டையான வடிவத்தால் செருப்பின் பெயர்). போர்த்துக்கீசியரிடமிருந்து அது இலங்கைக்கு வந்து, இன்றும் அங்கே தமிழர்கள் ஷூவைச் சப்பாத்து என்றுதான் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகும் சப்பாத்தும், உங்கள் மேலாளர் மின்னஞ்சலில் எழுதிய சொல்லும் தூரத்துச் சொந்தம்.

சரி, கெட்ட எண்ணம் எப்போது உள்ளே நுழைந்தது? 1897 செப்டம்பரில், பிரான்ஸின் தூலூஸ் நகரத்தில். சி.ஜி.டி. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு தொடங்கி அப்போது இரண்டே வருடம். அதன் மாநாட்டில் எமில் பூஜே என்ற பத்திரிகையாளர், அராஜகவாதி, சபோட்டாஜை ஒரு போராட்ட முறையாகவே முன்வைத்தார். மோசமான கூலிக்கு மோசமான வேலை என்பது அதன் சுருக்கம். அதுவரை வெறும் கொச்சைச் சொல்லாக இருந்தது என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். சபோவால் உதைத்து உதைத்துச் செய்த மாதிரி இருக்கும் வேலை என்று விளக்கமும் தருகிறார். இயந்திரத்துக்குள் எறிந்த கதை அவர் விளக்கத்தில் இல்லை. இந்தச் சொல்லை உலகத்துக்குக் கொண்டுவந்த மனிதரின் வாக்குமூலம் இது. எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

பூஜே தன் வாதத்துக்கு எடுத்துக்கொண்ட உதாரணம் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. உங்கள் விஷயத்தில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அந்த ஒரு சம்பவத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். 1889இல் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் கிராமங்களிலிருந்து விவசாயக் கூலிகளைக் கூட்டிவந்து வேலை வாங்கினார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. பழைய கூலிக்கே திரும்ப வேண்டிய நிலை. அப்போது சங்கத்தின் செயலாளர் தொழிலாளிகளைக் கூட்டிவைத்துப் பேசினார். அந்த விவசாயக் கூலிகளுக்குக் கப்பல் மேல் நேராக நடக்கவே தெரியவில்லை, தூக்கியதில் பாதியைக் கீழே போட்டார்கள், நம்மில் ஒருவன் செய்வதை அவர்களில் இரண்டு பேர் சேர்ந்தும் செய்யவில்லை. ஆனாலும் அவர்கள் வேலை பிரமாதம் என்று முதலாளிகள் சொல்கிறார்கள். அப்படியானால் நாமும் அவர்களைப் போலவே வேலை செய்வோம். அவர்கள் தண்ணீரில் வேறு விழுந்தார்கள், அது மட்டும் நமக்கு வேண்டாம் என்றார். தொழிலாளிகள் சொன்னபடி செய்தார்கள். கொஞ்ச நாளில் முதலாளிகளே கூப்பிட்டு, பழையபடி வேலை செய்யுங்கள், கேட்ட கூலியைத் தருகிறோம் என்றார்கள். ஸ்காட்லாந்தில் இதற்கு ‘கா கேனி’ என்று பெயர், பார்த்து மெதுவாகப் போ என்று அர்த்தம்.

இதில் விவசாயக் கூலியும் மூட்டையைக் கீழே போட்டான், துறைமுகத் தொழிலாளியும் போட்டான். பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், நஷ்டமும் ஒன்றுதான். முதலாமவனுக்கு வேலை தெரியாது, இரண்டாமவன் தெரிந்தே போட்டான். பழைய ‘சபோத்தே’ முதலாமவனைச் சொன்னது. 1897க்குப் பிறகு வந்த ‘சபோட்டாஜ்’ இரண்டாமவனைச் சொல்கிறது. நடந்த காரியத்தை மட்டும் பார்த்து ஒருவரை இரண்டாவது வகையில் சேர்க்க முடியாது. அவர் மனதில் என்ன இருந்தது என்று காட்டியாக வேண்டும். உங்கள் மேலாளர் அந்தப் படியைத்தான் தாண்டிக் குதித்திருக்கிறார்.

பூஜே காலத்து சபோட்டாஜில் உடைப்பது என்பது பலவற்றில் ஒன்றுதான். கடைச் சிப்பந்தி சரக்கில் உள்ள கலப்படத்தை வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுவதும் அதில் சேர்ந்தது, ‘திறந்த வாய்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். விதிப்புத்தகத்தில் உள்ளதை ஒரு வரிகூட விடாமல் கடைப்பிடித்து வேலையை ஊர்ந்துபோகச் செய்வதும் சேர்ந்தது. 1905இல் இத்தாலிய ரயில்வே தொழிலாளிகள் இதைச் செய்தே வண்டிகளைத் தாமதப்படுத்தினார்கள். அடி முதலாளிக்குப் படவேண்டும், பொருளை வாங்குகிறவருக்குப் படக்கூடாது என்பதில் பூஜே பிடிவாதமாக இருந்தார்.

நாசவேலை என்ற பொருள் ஓங்கியது 1910 அக்டோபரில். பிரான்ஸில் ரயில்வே வேலைநிறுத்தம். பிரதமர் அரிஸ்தீத் பிரியான், ஒரு காலத்தில் பொது வேலைநிறுத்தத்தை மேடை மேடையாக ஆதரித்துப் பேசியவர், இப்போது வேலைநிறுத்தக்காரர்களைப் படைக்கு அழைப்பாணை அனுப்பித் திரும்ப வேலைக்கு வரவைத்தார். தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன. பிரெஞ்சுப் பத்திரிகைகளோடு லண்டன் பத்திரிகைகளும் ‘சபோட்டாஜ்’ என்று எழுதித் தள்ளின. ஆங்கிலத்தில் அந்தச் சொல் 1900களின் முதல் பத்தாண்டிலேயே தலைகாட்டியிருந்தது, ஊரறிந்த சொல்லானது இதற்குப் பிறகுதான். அதை வினைச்சொல்லாகவும் பயன்படுத்தத் தொடங்கியது 1910களில். செருப்பை எறிந்த கதையும் ஏறக்குறைய சொல்லோடு சேர்ந்தே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. புதிய சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு நல்ல கதை கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அமெரிக்காவில் ஐ.டபிள்யூ.டபிள்யூ. தொழிற்சங்கத்தினர் மரக்காலணியையும் கறுப்புப் பூனையையும் சபோட்டாஜின் சின்னமாக ஒட்டுத்தாள்களில் அச்சடித்துப் பரப்பினார்கள். கதை அதனால் இன்னும் வேர்பிடித்தது. 1918 ஏப்ரலில், முதல் உலகப்போர் நடுவில், அமெரிக்கா சபோட்டாஜுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. போர்த் தளவாடத்தைச் சேதப்படுத்தியது மட்டும் அந்தச் சட்டத்துக்குப் போதாது. நாட்டின் போர் முயற்சிக்கு இடையூறு செய்யும் நோக்கத்தோடு செய்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இரண்டாம் உலகப்போரில் இந்தச் சொல்லுக்கு ஒரு வீரச் சாயலும் வந்தது. 1943 பிப்ரவரி 27 இரவு, நார்வேயின் வேமோர்க் ஆலைக்குள், பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே வீரர்கள் பனியில் இறங்கி ஏறிப் போய், ஜெர்மானியர்களுக்காகக் கனநீர் (அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட ஒரு வகை நீர்) தயாரித்துக்கொண்டிருந்த கலன்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. திரியைப் பற்றவைக்கும் நேரத்தில், அங்கே பணியில் இருந்த நார்வேக்காரர், என் மூக்குக்கண்ணாடியைக் காணோம், இப்போது வேறு வாங்கவும் கிடைக்காது என்றாராம். அந்த அவசரத்திலும் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே போரில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்., 1944 ஜனவரியில் ஒரு சிறு கையேடு தயாரித்தது. எதிரி பிடித்து வைத்திருக்கும் நாடுகளில் சாதாரண மக்கள், கையில் ஆயுதம் இல்லாமலே, இருக்கிற இடத்திலிருந்தே வேலையைக் கெடுப்பது எப்படி என்பதற்கான வழிகாட்டி. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் அதில் ஒரு பகுதி உண்டு. எதையும் முறைப்படி மேலிடம் வழியாகத்தான் செய்ய வேண்டும் என்று அடம்பிடியுங்கள். எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்புங்கள், குழுவில் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது. கடிதங்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் உள்ள சொற்களைப் பிடித்துக்கொண்டு வாதாடுங்கள். மேற்பார்வையாளர்களுக்கு ஒரு யோசனை: நன்றாக வேலை செய்பவர்களைப் பாரபட்சமாக நடத்துங்கள், அவர்கள் வேலையைப் பற்றி நியாயமில்லாமல் குறை சொல்லுங்கள், மன உறுதி குலைந்து உற்பத்தி தானாகக் குறையும். போர்க்காலத்தில் உயிரைப் பணயம் வைப்பவர்களுக்காக எழுதியது அது. எதிரியின் வேலையை எது உண்மையில் நிறுத்தும் என்று யோசித்துப் பொறுக்கி எடுத்த வழிகள். தினசரி அலுவலகத்தில் இவை யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமலே நடக்கின்றன என்பதையும் பாருங்கள். செயல் ஒன்றாக இருப்பதால் மட்டும் சபோட்டாஜ் ஆகிவிடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தென்னாப்பிரிக்காவையும் சொல்ல வேண்டும். 1962இல் அங்கே வெள்ளையர் அரசு கொண்டுவந்த சட்டத்தை மக்கள் ‘சபோட்டாஜ் சட்டம்’ என்றே அழைத்தார்கள். குறைந்தது 5 வருடம் சிறை, அதிகபட்சம் தூக்கு. அந்தச் சட்டத்தின் கொடுமையான அம்சம், நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. எனக்கு அந்த நோக்கம் இல்லை என்று குற்றம் சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். 1964 ஏப்ரல் 20 அன்று நெல்சன் மண்டேலா நீதிமன்றத்தில் எழுந்து நின்று, சபோட்டாஜுக்குத் திட்டமிட்டதை நான் மறுக்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உயிர்ச்சேதம் இல்லாத வழி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று காரணமும் சொன்னார். அந்தச் சொல் அதன் முழு எடையோடு நிற்கும் இடம் அது. செய்தவர் எண்ணத்தை ஒப்புக்கொள்கிறார், விளைவையும் ஏற்கிறார். ‘எனக்கு அந்த எண்ணம் இல்லை’ என்று நீங்களாக ஓடி ஓடி நிரூபிக்கும்படி ஒரு மின்னஞ்சல் உங்களை நிறுத்தினால், அது நியாயமற்ற நிலை என்று தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகு மேலாளர் பக்கமும் பேச வேண்டும். இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் இந்தச் சொல் நீர்த்துப்போயிருக்கிறது. டயட்டைச் சபோட்டாஜ் செய்துவிட்டேன் என்கிறார்கள். தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு உளவியல் பேசுகிறவர்கள் ‘செல்ஃப் சபோட்டாஜ்’ என்கிறார்கள், அங்கே தெரிந்து செய்யும் நோக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. உங்கள் மேலாளரும், ரிலீஸ் தள்ளிப்போன எரிச்சலில், ‘தடைப்பட்டது’ என்பதற்குக் கொஞ்சம் காரமாக ஒரு சொல் தேடி இதை எடுத்திருக்கலாம். உங்கள் தோழி ‘விடு’ என்றது அதனால்தான். ஆனால் வாயால் சொன்னதாக இருந்தால் நானும் விடச் சொல்லியிருப்பேன். இது எழுத்தில் இருக்கிறது, பத்துப் பேர் கையில் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டின்போது யாராவது அதைத் திறந்து படித்தால், எரிச்சல் அங்கே தெரியாது, சொல் மட்டும்தான் தெரியும்.

நிறுவன விதிகளிலும் இந்த வித்தியாசம் உண்டு. இந்தியாவில் முன்பு இருந்த, 1946ஆம் வருடத்து நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளில், அதாவது வேலையிட விதிகளில், நிறுவனத்தின் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பது ஒரு குற்றமாகவும், வழக்கமாகவே வேலையில் கவனக்குறைவாக இருப்பது வேறு குற்றமாகவும் தனித்தனியே இருந்தன. எப்போதோ ஒருமுறை, காரணம் சொல்லி, தாமதமாவது இரண்டிலும் சேராது. உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் படித்துவிடுங்கள். அங்கே ‘சபோட்டாஜ்’ என்ற சொல்லே இருந்தால், திருத்தம் கேட்க உங்களுக்கு இன்னும் வலுவான காரணம் கிடைக்கிறது.

இதன் பக்கத்துச் சொல் ஒன்று உங்களுக்கு உதவும்: ‘அண்டர்மைன்’. அடியில் சுரங்கம் தோண்டுவது என்பது அதன் நேர்ப்பொருள், நாம் ஒருவருக்குக் குழி பறிப்பது என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அது. கோட்டை முற்றுகையிலிருந்து வந்தது. 1215இல் இங்கிலாந்தின் ஜான் மன்னர் ராச்செஸ்டர் கோட்டையை முற்றுகையிட்டபோது, அதன் பெரிய கோபுரத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மரத்தூண்களால் முட்டுக்கொடுத்து, நவம்பர் 25 அன்று தன் அதிகாரி ஹியூபர்ட் டி பர்க்குக்கு அவசரக் கடிதம் எழுதினார்: தின்னத் தோதுப்படாத, கொழுத்த பன்றிகளாகப் பார்த்து 40 அனுப்பு. அந்தக் கொழுப்பை வைத்துத் தீ மூட்டினார்கள், முட்டுகள் எரிந்து கோபுரத்தின் ஒரு மூலை சரிந்தது. பின்னாளில் அந்த மூலையை வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் சதுரம். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அந்தச் சுரங்கத்தைத் தோண்டியவர்களுக்கு நோக்கம் இருந்தது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் ‘அண்டர்மைன்’ நோக்கத்தைக் கேட்பதில்லை, விளைவை மட்டும் சொல்கிறது. தூக்கமின்மை உடம்பை அண்டர்மைன் செய்யும். ஒரு அவசர வார்த்தை ஒருவர் மேல் இருக்கும் நம்பிக்கையை அண்டர்மைன் செய்யும். அதனால் உங்களுக்குப் பாதுகாப்பான சொல் இதுதான். அந்த மின்னஞ்சல் குழுவில் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையை அண்டர்மைன் செய்கிறது என்று நீங்கள் எழுதலாம். மேலாளருக்குக் கெட்ட எண்ணம் என்று நீங்கள் சொன்னதாக ஆகாது. அவர் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவருக்குத் திருப்பிச் செய்யாமல் இருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. முதலில் நேரில் போய்க் கேளுங்கள்: “நான் வேண்டுமென்றே செய்தேன் என்றா நினைக்கிறீர்கள்?” இந்த ஒரு கேள்வி போதும். பெரும்பாலும் “சேச்சே, அப்படி இல்லை” என்றுதான் பதில் வரும். அப்படி வந்தால், அதையே ஒரு வரியாகக் குழுவுக்கு எழுதிவிடச் சொல்லுங்கள். வாய்வார்த்தையோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

அவர் எழுதத் தயங்கினால் நீங்கள் எழுதுங்கள். முதல் மின்னஞ்சல் யார் யாருக்குப் போனதோ அவர்கள் எல்லோருக்கும் போகட்டும். நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். உங்கள் ஆங்கிலத்தில், இந்த வரிசையில் எழுதினால் போதும்: “தாமதம் ஆனது உண்மை, அதனால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். காரணத்தை இன்ன தேதியில் இன்ன நேரத்துக்கு டீம் சாட்டில் தெரிவித்திருந்தேன். ‘சபோட்டாஜ்’ என்பது வேண்டுமென்றே கெடுத்ததாகப் பொருள்படும் சொல். அப்படி நான் எதுவும் செய்யவில்லை. அந்தச் சொல் என் மேல் குழு வைத்திருக்கும் நம்பிக்கையைப் பாதிக்கிறது. அதைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.” தாமதத்தை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்வது முக்கியம், படிப்பவர்கள் மீதியை நம்புவதற்கு அதுதான் வழி. மகனின் உடல்நிலையை விரிவாக எழுத வேண்டாம், சாட்டில் சொன்னது போதும். செருப்பு, பூஜே, கிளாஸ்கோ எதையும் எழுதாதீர்கள். நான் மேலே சொன்னதெல்லாம் உங்கள் தெளிவுக்காக. மின்னஞ்சலில் அதை நுழைத்தால், சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார் என்று பேச்சு திசைமாறிவிடும்.

ஒருவேளை, நேரில் கேட்டபோது “ஆமாம், வேண்டுமென்றுதான் செய்தாய்” என்று அவர் சொன்னால், விஷயம் மொழியைத் தாண்டிவிட்டது. எதை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். சாட் செய்தியின் படம், வேலையைக் கொடுத்த தேதி, அவருடைய மின்னஞ்சல் மூன்றையும் சேர்த்து அதே வாரத்திலேயே மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள். தள்ளிப்போட வேண்டாம். அங்கே என்ன பதில் வந்தது என்பதை எனக்கும் எழுதுங்கள், அடுத்த கடிதத்துக்கு நானும் உடனே பதில் தருகிறேன்.